சேன் தெனி கல்லறைச் சிலைகள்: இந்த முகங்கள் உண்மையில் அந்த அரசர்களுடையவையா?

கதிரொளி:

எல்லோருக்கும் வணக்கம். பாரிஸுக்கு வடக்கே இருக்கும் சேன் தெனி பேராலயத்தில் பிரெஞ்சு அரச குடும்பத்தின் கல்லறைச் சிலைகள் எழுபதுக்கு மேல் இருக்கின்றன. கொஞ்ச நாளாக அவற்றின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

பெப்பின் இறந்தது 768-இல். இரண்டாம் ராபர்ட் இறந்தது 1031-இல். ஆறாம் லூயி 1137-இல். நடுவில் நூற்றாண்டுகள் ஓடியிருக்கின்றன, வம்சமே மாறிவிட்டது, ஆனால் சிலையில் மூவரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி கிடக்கிறார்கள். அதே கிரீடம், அதே மேலங்கி, நோயோ முதுமையோ தொடாத அதே அமைதியான முகம். ஆறாம் லூயியை வரலாறு 'பருத்த லூயி' என்றே அழைக்கிறது, கடைசிக் காலத்தில் குதிரை ஏறவே முடியாத அளவுக்கு உடம்பு பெருத்தவர், சிலையிலோ அளவான உடம்போடு இருக்கிறார்.

அப்புறம் அதே ஆலயத்தில் ஐந்தாம் சார்லஸ் சிலையைப் பார்த்தால் வேறு உலகம். நீண்ட மூக்கு, அகலமான வாய், வாயோரத்தில் சதை மடிப்பு. தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரிந்துவிடும் போல இருக்கிறது.

என் கேள்வி இதுதான்: முதல் வகைச் சிலைகளைச் செய்தவர்களுக்கு முகம் செதுக்கத் தெரியவில்லையா, இல்லை செதுக்க வேண்டாம் என்று நினைத்தார்களா? உண்மையான முகம் எந்த அரசரிலிருந்து தொடங்குகிறது? இன்னொன்று, இறந்தவர்களின் கண் ஏன் திறந்திருக்கிறது, படுத்திருப்பவரின் உடை மடிப்பு ஏன் நிற்பவருடையது போல நேராகக் காலை நோக்கி ஓடுகிறது?

தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள், நீளம் பிரச்சனை இல்லை.


பாறைமகள்:

நல்ல கேள்வி கதிரொளி, நீங்கள் கவனித்தது சரியான இடம். பெப்பின், ராபர்ட், லூயி மூவரும் உடன்பிறந்தவர்கள் மாதிரி இருக்கக் காரணம், மூன்று சிலைகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே திட்டத்தின் கீழ் செய்யப்பட்டவை. அரசர்கள் இறந்த காலத்துக்கும் சிலைகளுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்பதாம் லூயி, அதாவது பிறகு புனிதர் ஆன லூயி, 1263, 1264 வாக்கில் சேன் தெனியில் கிடந்த பழைய அரச எலும்புகளையெல்லாம் எடுத்து ஒழுங்காக வைக்க ஏற்பாடு செய்தார். அப்போது மடாதிபதி மத்தியூ த வாந்தோம். அந்த ஆலயத்தின் குறுக்குக் கூடத்தை 1231-க்குப் பிறகு நடந்த திருப்பணியில் வழக்கத்தைவிட மிக அகலமாகக் கட்டியிருந்தார்கள், அந்த இடத்தில்தான் 16 சிலைகளை வைத்தார்கள். அதில் 14 இன்று இருக்கின்றன. அழிந்துபோன இரண்டும் யூத், யூக் கபே ஆகியோருடையவை. வம்சத்துக்கே பெயர் தந்த யூக் கபேயின் சிலை போனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த 16 சிலைகளையும் தனித்தனியாகப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. வைத்த முறையைப் பார்க்க வேண்டும். தெற்குப் பக்கத்தில் கபே வம்சத்துக்கு முன்பு ஆண்ட மெரோவிங்கிய, கரோலிங்கிய வம்சத்தார். வடக்குப் பக்கத்தில் கபே வம்சத்தார். நடுவில் ஏற்கனவே பிலிப் அகுஸ்துவும் எட்டாம் லூயியும் கிடந்தார்கள். ஏன் அவர்கள் நடுவில்? யூக் கபே 987-இல் கரோலிங்கியரைத் தள்ளிவிட்டு அரியணை ஏறியவர், அதனால் கபே வம்சத்தின் மேல் 'பறித்தவர்கள்' என்ற நிழல் எப்போதும் இருந்தது. ஏழு தலைமுறைக்கு மட்டும்தான் ஆட்சி என்று புனித வலேரி சொன்னதாக ஒரு தீர்க்கதரிசனமும் உலவியது. பிலிப் அகுஸ்து ஏழாம் தலைமுறை. அவர் மணந்த இசபெல் த எனோ கரோலிங்கிய வழி வந்தவர், அவர்கள் மகன்தான் எட்டாம் லூயி. ஆக மகனின் இரத்தத்தில் இரண்டு வம்சமும் சேர்ந்துவிட்டது, ஆட்சி சார்லமேனின் கரோலிங்கிய குலத்துக்கே திரும்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். தெற்கே பழைய வம்சங்கள், வடக்கே புதிய வம்சம், நடுவில் இணைப்பு. அந்தக் கூடத்தில் நடந்து போகிறவர் வாய் திறந்து யாரும் விளக்காமலேயே இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இப்போது முகத்துக்கு வாருங்கள். இப்படி ஒரு வரிசையில் ஒவ்வொருவர் முகமும் வேறுவேறாக இருந்தால் திட்டமே கெட்டுவிடும். எல்லோரும் ஒரே குடும்பம், இடைவெளியே இல்லாத தொடர்ச்சி என்று காட்டத்தான் முகங்களை ஒத்தபடி வைத்தார்கள். இதற்கு என்னிடம் இருக்கும் பலமான சான்று சார்ல் மர்த்தெல். அவர் ஒருநாளும் அரசராக முடிசூடியவர் இல்லை, அரண்மனை மேலாளர் பதவியோடு நாட்டை ஆண்டவர். ஆனால் சேன் தெனி வரிசையில் அவர் தலையிலும் கிரீடம் இருக்கிறது. வரிசையில் அவர் இருக்கும் இடத்துக்கு கிரீடம் தேவைப்பட்டது, கொடுத்துவிட்டார்கள்.

செதுக்கத் தெரியாமல் இல்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு. அதே 13-ஆம் நூற்றாண்டில் ரேன்ஸ் பேராலயத்தில் சிரிக்கும் தேவதையைச் செதுக்கியிருக்கிறார்கள், கிழவர் முகம், கோபமான முகம், எல்லாம் அந்தச் சிற்பிகளின் கைக்கு வந்தவைதான். இங்கே வேண்டாம் என்றுதான் விட்டார்கள்.

உடை மடிப்பு: இந்தச் சிற்பிகள் பழகியது ஆலய வாசல்களில் தூணோடு ஒட்டி நிற்கும் அரச உருவங்களை. நின்ற கோலத்தையே செதுக்கி, தலைக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துக் கிடந்த கோலமாக்கிவிட்டார்கள். அவர்களுக்கு அது முரணாகவே படவில்லை. கண் திறந்திருப்பதும் அதனோடு சேர்ந்ததுதான். இது பிணத்தின் உருவம் இல்லை. கடைசி நாளில் உயிர்த்தெழும்போது எப்படி இருப்பார்களோ அந்த உடம்பு. எந்த வயதில் இறந்தாலும் உயிர்த்தெழும்போது கிறிஸ்துவின் வயதில், முப்பதுகளில், குறையில்லாத உடம்போடு எழுவார்கள் என்பது புனித அகுஸ்தீன் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. அதனால்தான் பருத்த லூயி பருமனாக இல்லை.


மணற்கடிகை:

பாறைமகள் சொன்ன வரிசை விளக்கம் முழுக்க சரி. நான் முகம் எப்போது தொடங்குகிறது என்ற பகுதிக்கு மட்டும் வருகிறேன்.

வழக்கமாகச் சொல்லும் பதில் மூன்றாம் பிலிப். ஒன்பதாம் லூயியின் மகன், 1285-இல் பெர்பினியானில் இறந்தவர். அவர் சிலையில் அகன்ற தாடை, தடித்த உதடு, பழைய வரிசையில் இல்லாத ஒரு கனம் இருக்கிறது. 1298-க்கும் 1307-க்கும் நடுவில் செய்தது, பியேர் த ஷெல், ழான் தாராஸ் என்ற பெயர்கள் அரச கணக்கில் வருகின்றன. இதைத்தான் 'முதல் உண்மையான அரச முகம்' என்று பல நூல்களில் எழுதுகிறார்கள்.

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆள் இறந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வேலையே தொடங்குகிறது. சிற்பி யாரைப் பார்த்துச் செதுக்கினார்? நினைவில் வைத்திருந்தவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் தனித்தன்மை உள்ள முகம் என்பதும், அந்த ஆளுடைய முகம் என்பதும் ஒன்றல்ல. மூன்றாம் பிலிப் சிலையில் எனக்குத் தெரிவது முதலாவது மட்டும்தான். 'ஒரு மனிதனுடைய முகமாக இருக்க வேண்டும்' என்ற ஆசை வந்துவிட்டது, அது இன்னாருடைய முகம் என்ற உறுதி இன்னும் வரவில்லை.

உறுதி வருவது ஐந்தாம் சார்லஸிடம். 1364-இல் முடிசூடிய கையோடு ஆந்த்ரே போன்வு என்ற சிற்பியிடம் நான்கு கல்லறைகளைச் செய்யச் சொல்கிறார்: தாத்தா ஆறாம் பிலிப், பாட்டி, தந்தை இரண்டாம் ழான், நான்காவது அவருக்கே. அப்போது அவருக்கு வயது 26. இறந்தது 1380-இல். அதாவது அந்தச் சிலையைச் செதுக்கும்போது அரசர் உயிரோடு, நடமாடிக்கொண்டு, சிற்பி போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தார். இதற்கு முன் சேன் தெனியில் கிடக்கும் எந்த அரசரின் முகத்தைப் பற்றியும் இந்த அளவு நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவருடைய மற்ற உருவங்களோடு, ஓவியச் சுவடிகளில் இருப்பவையும் சேர்த்து, ஒப்பிட்டுப் பாருங்கள், அதே மூக்கு திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு அந்த மூக்குதான் சாட்சி.

கூடவே அந்தக் காலத்து அரசியலையும் நினைத்துப் பாருங்கள். தந்தை ழான் 1356-இல் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் சிறைபட்டு, கடைசியில் லண்டனிலேயே இறந்தவர். சார்லஸின் வலுவா வம்சத்துக்கு அரியணை உரிமையே இல்லை என்று ஆங்கிலேய அரசர் வாதாடிப் போர் தொடுத்தவர். அப்படிப்பட்ட நேரத்தில் ஆட்சிக்கு வந்தவர் முதல் வேலையாகத் தாத்தா, தந்தை, தான் என்று மூன்று தலைமுறைக்கும் சேன் தெனியில் இடம் பிடிக்கிறார். ஒன்பதாம் லூயி செய்த அதே வாதம்தான், இந்த முறை அதில் முகமும் சேர்ந்துகொண்டது.


கதிரொளி:

இரண்டு பேருக்கும் நன்றி. சார்ல் மர்த்தெல் கிரீடம் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. மணற்கடிகை, ஐந்தாம் சார்லஸ் பக்கத்தில் கிடக்கும் அரசி ழான் த பூர்போன் சிலையைப் பார்த்தீர்களா? கையில் ஒரு சிறிய பை மாதிரி எதையோ நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் நான்காம் சார்லஸ் சிலையிலும் அதே மாதிரி பை. பணப்பையா? தர்மம் செய்ததற்கு அடையாளமா?


இளவேனில்:

பணப்பை இல்லை. அது குடல் பை. அவருடைய சொந்தக் குடல்.

அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் பிரெஞ்சு அரச கல்லறைகளைப் புரிந்துகொள்ளவே முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரசர் தூர தேசத்தில் இறந்தால் உடம்பைக் கெடாமல் கொண்டுவர வழியில்லை. ஒன்பதாம் லூயி 1270-இல் துனிஸ் அருகே படையெடுப்பின்போது இறந்தார். உடம்பைத் தண்ணீரும் மதுவும் கலந்து வேகவைத்து எலும்பைப் பிரித்தார்கள். சதையும் குடலும் அவருடைய தம்பி ஆண்ட சிசிலிக்கு, மொன்ரியாலே பேராலயத்துக்குப் போயின. எலும்பு சேன் தெனிக்கு வந்தது. அதே பயணத்தில் திரும்பி வரும்போது மருமகள் இசபெல் த அராகோன், மூன்றாம் பிலிப்பின் மனைவி, ஆறு மாதக் கர்ப்பிணி, தெற்கு இத்தாலியில் ஆற்றைக் கடக்கும்போது குதிரையிலிருந்து விழுந்து 1271 ஜனவரியில் கொசென்சாவில் இறந்தார். சதை கொசென்சாவில், எலும்பு சேன் தெனியில். இரண்டு இடத்திலும் நினைவுச் சின்னம் எழுந்தது. கொசென்சாவில் அவர் மாதாவின் முன் மண்டியிட்டு இருக்கிறார், எதிர்ப்பக்கம் கணவர் மண்டியிட்டு இருக்கிறார். சேன் தெனியில் கறுப்புக் கல்லின் மேல் வெள்ளைப் பளிங்கில் படுத்திருக்கிறார், காலடியில் இரண்டு நாய்கள்.

தொடக்கத்தில் இது கட்டாயத்தால் வந்தது. பிறகு விருப்பமாக மாறிவிட்டது. உடம்பு மூன்று இடத்தில் இருந்தால் மூன்று இடத்தில் துறவிகள் ஆன்மாவுக்காக வேண்டுவார்கள், மூன்று மடங்கள் அரச குடும்பத்தோடு கட்டுப்பட்டிருக்கும். மூன்றாம் பிலிப் பெர்பினியானில் இறந்தபோது சதை நார்போனில் புதைக்கப்பட்டது, எலும்பு சேன் தெனிக்கு, இதயத்தை மகன் நான்காம் பிலிப் பாரிஸில் இருந்த தொமினிக்கன் துறவிகளுக்குக் கொடுத்துவிட்டார். சேன் தெனி துறவிகள் கொதித்துப்போனார்கள், முழு உடம்பும் தங்களுக்குத்தான் சேர வேண்டும் என்று. அது பெரிய வழக்காகி, பாரிஸ் இறையியல் அறிஞர்கள் வரை போய் விவாதம் நடந்தது. 1299-இல் போப் எட்டாம் போனிஃபாஸ் உடம்பைப் பிரித்து வேகவைப்பதைத் தடை செய்து ஆணை போட்டார், மீறினால் சபை நீக்கம். பிரெஞ்சு அரச குடும்பம் போப்பிடம் விலக்கு வாங்கிக்கொண்டு தொடர்ந்தது.

இப்போது பைக்கு வாருங்கள். எலும்புக்கு ஒரு கல்லறை, இதயத்துக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று என்று வந்துவிட்டால் ஒரே ஆளுக்கு மூன்று சிலை. எது எந்தப் பகுதிக்கு உரியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். இதயக் கல்லறையில் உருவம் கையில் இதயத்தை வைத்திருக்கும், குடல் கல்லறையில் தோல் பையை வைத்திருக்கும். லூவ்ரில் நீங்கள் பார்த்த நான்காம் சார்லஸும் அவர் மனைவி ழான் தெவ்ரோவும் மோபுயிசோன் மடத்தின் குடல் கல்லறையிலிருந்து வந்தவர்கள், ழான் த லியேஜ் செதுக்கியவை, முழு ஆள் உயரம் கூட இல்லாத சிறிய சிலைகள். அரசர் இறந்தது 1328-இல், சிலை வந்தது 1370-களின் தொடக்கத்தில், ஏற்பாடு செய்தவர் அந்த அரசிதான்.

சேன் தெனியில் ழான் த பூர்போன் கையில் பை இருக்கக் காரணமும் இதுவே. அவருடைய அசல் சேன் தெனிச் சிலை அழிந்துவிட்டது. இப்போது கணவர் பக்கத்தில் கிடப்பது பாரிஸ் செலெஸ்தின் மடத்தில் அவருடைய குடல் கல்லறையின் மேல் இருந்தது, 19-ஆம் நூற்றாண்டில் ஜோடி சேர்த்து வைத்தார்கள். ஐந்தாம் சார்லஸின் குடலோ மோபுயிசோனுக்கு, அவர் தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. இதயம் ரூவான் பேராலயத்துக்கு.

அரசர் இல்லாத ஒருவருக்கும் இது நடந்தது. தளபதி பெர்த்ரான் து கெக்லான் 1380-இல் இறந்தார், ஐந்தாம் சார்லஸ் அவருக்குத் தன் காலடியிலேயே சேன் தெனியில் இடம் கொடுத்தார். குடல் ல புயியில், சதை மோன்ஃபெரானில், இதயம் தினானில், எலும்பு சேன் தெனியில். நான்கு கல்லறை, அந்தக் காலத்து அரசர்களுக்கே வழக்கமாக மூன்றுதான். சேன் தெனியில் அவர் சிலையைப் பாருங்கள், கவசம் போட்ட, உருண்டைத் தலை கொண்ட, அழகே இல்லாத மனிதர். நாடு முழுக்க அறிந்த முகம் அது, அதை அழகுபடுத்தாமல் செதுக்கியிருக்கிறார்கள். முகம் என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் இந்தச் சிலைதான்.


பாறைமகள்:

இளவேனில், இதயம், குடல் பற்றி எழுதியதற்கு நன்றி. இசபெல் த அராகோன் சிலையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் அந்தக் கறுப்பு வெள்ளைச் சேர்க்கை அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒன்பதாம் லூயியின் வரிசை எல்லாம் சுண்ணாம்புக் கல், மேலே வண்ணம் பூசியது. நீலம், சிவப்பு, பொன். இன்று வெளிறிப்போய்ச் சாம்பல் நிறமாகப் பார்க்கிறோம், அது அவற்றின் நிறமே இல்லை. இசபெல் சிலையில் கறுப்புப் பலகை மேல் வெள்ளைப் பளிங்கு வந்தவுடன் எல்லோரும் அதையே கேட்கத் தொடங்கினார்கள், அடுத்த இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் பிரெஞ்சு அரச கல்லறை என்றாலே கறுப்பும் வெள்ளையும்தான்.

ஃபோன்தெவ்ரோ மடத்தையும் ஒரு தடவை பாருங்கள். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி, மகன் ரிச்சர்ட், ஹென்றியின் மனைவி எலியனோர், மூவரும் அங்கே கிடக்கிறார்கள். சேன் தெனி வரிசைக்கு முந்தையவை, வண்ணம் இன்னும் நிறையவே மிச்சம் இருக்கிறது. எலியனோர் கையில் திறந்த புத்தகம். படுத்துக்கொண்டு படிக்கிறார்.


கல்லெழுத்து:

எல்லாம் அருமையாகப் போகிறது, ஆனால் யாரும் 1793 பற்றிச் சொல்லவில்லையே. முகத்தை வைத்து முடிவுக்கு வருகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நீங்கள் பார்க்கும் மூக்கு, கை, பல நேரம் கிரீடமும், 19-ஆம் நூற்றாண்டு ஒட்டு வேலையாக இருக்கலாம்.

1793 ஆகஸ்ட் 1-ஆம் தேதி புரட்சி அரசு சேன் தெனியின் அரச கல்லறைகளை அழிக்க ஆணை போட்டது. ஆகஸ்டில் கல்லறைகளைப் பெயர்த்தார்கள், அக்டோபரில் உடல்களை வெளியே எடுத்துப் பக்கத்தில் தோண்டிய குழிகளில் சுண்ணாம்போடு கொட்டினார்கள். உலோகம் எல்லாம் உருக்கப் போனது. ஆலய நடுவில் இருந்த வழுக்கைச் சார்லஸின் வெண்கலக் கல்லறை அப்படித்தான் போயிற்று. அதற்கும் முன்னாலேயே, நூறாண்டுப் போர்க் காலத்தில், பிலிப் அகுஸ்து, எட்டாம் லூயி, ஒன்பதாம் லூயி மூவரின் வெள்ளி, பொன் பூசிய கல்லறைகள் காணாமல் போய்விட்டன. பாறைமகள் சொன்ன அந்த வரிசையின் மையமே இன்று இல்லை, சுற்றி இருந்தது மட்டும் மிச்சம். ஒரு பெரிய கல்லறைத் திட்டத்தை அதன் நடு இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கிறோம். செம்புத் தகட்டில் வண்ண எனாமல் செய்த இரண்டு சிறிய கல்லறைகள் தப்பின, ஒன்பதாம் லூயியின் சிறுவயதில் இறந்த பிள்ளைகள் ழான், பிளான்ஷ் ஆகியோருடையவை, ருவயோமோன் மடத்துக்கு உரியவை. உலோகக் கல்லறை எப்படி மின்னியிருக்கும் என்று கற்பனை செய்ய அந்த இரண்டும்தான் உதவி.

கல் சிலைகள் தப்பியது அலெக்சாந்த்ர் லெனுவாரால். பாரிஸில் ஒரு பழைய மடத்தில் அவற்றைச் சேர்த்து வைத்து 1795-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். அவர் இல்லாவிட்டால் இந்தத் திரியே இல்லை. ஆனால் லெனுவார் துண்டுகளை இணைத்துப் புதிதாக உருவாக்குவதில் தயங்காதவர், பெயர்களையும் தன் விருப்பப்படி கொடுத்துவிடுவார். கோர்பெய் ஆலய வாசலிலிருந்து வந்த இரண்டு தூண் சிலைகள், விவிலிய அரசர் சாலமோனும் சேபா அரசியும், வெகுகாலம் பழைய மெரோவிங்கிய அரசர் குளோவிஸ், அவர் மனைவி குளோதில்த் என்று அழைக்கப்பட்டன.

கதிரொளியின் கேள்விக்கு நேராகப் பொருந்தும் எடுத்துக்காட்டு இன்னொன்று இருக்கிறது. ஐந்தாம் சார்லஸின் நின்ற கோலச் சிலை ஒன்று லூவ்ரில் இருக்கிறது, பாரிஸில் ஒரு வாசலில் இருந்தது. அது நீண்ட காலம் ஒன்பதாம் லூயி என்று நம்பப்பட்டது. அதனால் 19-ஆம் நூற்றாண்டில் 'புனித லூயியின் உண்மை முகம்' என்று நினைத்துப் பலர் வரைந்ததும் செதுக்கியதும் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த ஐந்தாம் சார்லஸின் முகத்தை. மணற்கடிகை சொன்ன அந்த மூக்கு புனித லூயிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

1816-இல் லெனுவாரின் அருங்காட்சியகம் மூடப்பட்டு, சிலைகள் சேன் தெனிக்குத் திரும்பின. 1817-இல் எலும்புகளைக் குழியிலிருந்து எடுத்து நிலவறையில் ஒரே இடத்தில் வைத்தார்கள், யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை. சிலைகளை முதலில் நிலவறையில் அடுக்கினார்கள், 1860-களில் கட்டடக் கலைஞர் வியோலே-ல-துக் மேலே கொண்டுவந்து பழைய இடங்களை ஒட்டி வைத்தார். ஆக இப்போது அந்தச் சிலைகளுக்குக் கீழே யாரும் இல்லை. பழுதுபார்த்த பகுதி எது, பழைய பகுதி எது என்று தெரிய வேண்டுமானால் கெய்னியேர் என்ற சேகரிப்பாளர் புரட்சிக்கு முன்பே வரையச் செய்து வைத்த படங்களைத் தேடுங்கள். 1711-இல் தன் சேகரிப்பைப் பதினான்காம் லூயிக்குக் கொடுத்தவர். அழிந்த பல கல்லறைகளுக்கு அந்தப் படம் மட்டும்தான் இருக்கிறது.


மணற்கடிகை:

கல்லெழுத்து சொன்ன எச்சரிக்கையை ஏற்கிறேன், ஆனால் ஐந்தாம் சார்லஸ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. படுத்த சிலை, வாசல் சிலை, சுவடி ஓவியம் மூன்றும் தனித்தனி வழியில் வந்தவை, மூன்றிலும் ஒரே ஆள். ஒரு சிலையின் மூக்கு ஒட்டு வேலையாக இருந்தாலும் மற்ற இரண்டும் நிற்கும். மூன்றாம் பிலிப்புக்கு இப்படி ஒப்பிடவே எதுவும் இல்லை, அதனால்தான் அங்கே நான் தயங்குகிறேன்.


கதிரொளி:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்றே ஒன்று மிச்சம். முதலாம் ழான் ஐந்தே நாள் வாழ்ந்த குழந்தை என்கிறார்கள், 1316-இல் பிறந்து அதே மாதம் இறந்தவர். அவருக்கும் சிலை இருக்கிறது, ஆனால் அது கைக்குழந்தை மாதிரி இல்லையே?


பாறைமகள்:

ஆமாம், சிறிய சிலைதான், ஆனால் கைக்குழந்தை உருவம் இல்லை, நடக்கிற வயதுப் பிள்ளை மாதிரி செய்திருக்கிறார்கள். ஐந்து நாளானாலும் அவர் அரசர், பிறந்த நொடியிலிருந்தே அரசர். அரசருக்கு உரிய உருவத்தைக் கொடுத்தார்கள். தந்தை பத்தாம் லூயியின் சிலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நேரில் போனால் தவறவிட வேண்டாம். பாரிஸ் மெட்ரோ 13-ஆம் தடத்தில் ஆலயத்தின் பெயரிலேயே நிறுத்தம் உண்டு. ஆலயத்தின் முன்பகுதிக்குக் கட்டணம் இல்லை, கல்லறைகள் இருக்கும் பகுதிக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.